பதினொன்றாம் கட்டிலுக்கு நான் சொன்ன பதில்

மூன்று வருடத்துக்கு முன்பு, தைப்பொங்கல் கழிந்த அடுத்த வாரம், பதுளைப் பெரியாஸ்பத்திரியில் ஆண்கள் வாட்டில் பத்தாம் நம்பர் கட்டிலில் படுத்திருந்தேன். படுத்திருந்தேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உண்மையில் பேசிக்கொண்டிருந்தேன். சிறுநீரகத்தில் கல் என்று ஆபரேஷன் செய்து, எழுந்திருக்காதே என்றுதான் சொல்லியிருந்தார்கள். பேசாதே என்று யாரும் சொல்லவில்லை.

டவுனில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. போன், ரேடியோ, டீவி ரிமோட் எல்லாம் திருத்துவேன். யாரிடமும் போய்ப் படித்த தொழிலில்லை. கழற்றிப் பார்த்து, இரண்டைக் கெடுத்து, மூன்றாவதைச் சரியாகப் பூட்டிப் படித்தது. கையில் கிடைக்கிற பேப்பர், சஞ்சிகை எதையும் விடமாட்டேன். அதோடு கடைக்கு வருகிறவர்கள் சொல்வதைக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைக்கிற பழக்கமும் உண்டு. ஒருமுறை ஓர் அம்மா போனை நீட்டி, “எல்லாம் நல்லாக் கேக்குதுங்க, பதில்தான் போக மாட்டேங்குது. என் வீட்டுக்காரர் மாதிரி” என்றார். அந்த மாதிரி வாக்கியங்களுக்காகவே நான் கடை திறக்கிறேன் என்று என் மனைவி சொல்வாள்.

பதினொன்றாம் கட்டிலில் இருந்தவர் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர். எனக்குச் செய்த அதே ஆபரேஷன் அதே நாளில் அவருக்கும். ஏனோ இரண்டு பேரும் பெயரைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. அவர் என்னைப் ‘பத்து’ என்றார், நான் அவரைப் ‘பதினொண்ணு’ என்றேன். அதுவே நிலைத்துவிட்டது.

எங்கள் இருவருக்கும் சிறுநீரகத்திலிருந்து கீழே சிறுநீர்ப் பைக்கு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய் வைத்திருந்தார்கள். புண் ஆறும்வரை அடைப்பு வராமல் இருக்க. ஆறு வாரம் கழித்து இன்ன தேதிக்கு வரவேண்டும், அதைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும் என்று டொக்டர் சொன்னார். நர்ஸ் மிஸ் அதைத் தமிழிலும் சொல்லி, கார்டில் தேதியும் போட்டுக் கொடுத்தார். அவர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறையெல்லாம் பத்தாம் நம்பர் கட்டிலில் இருந்தது.

“என்னாங்க பத்து, உள்ள பீலி போட்டு விட்டிருக்காங்களாமே?” என்றார் பதினொண்ணு. “எங்க லயத்து வீடுங்களுக்கு இருக்கிற பீலிக் குழாயில ரெண்டு நாளைக்கு ஒருக்காதான் தண்ணி. எனக்குள்ள மட்டும் ராவும் பகலும் ஓடுது. நம்ம கதையைப் பாத்தீங்களா?”

சிரித்ததில் எனக்குத் தையல் இழுத்தது. ‘இன்னும் சொல்லுங்க’ என்று தலையணைக்கு அடியிலிருந்த கொப்பியை எடுத்தேன்.

அவர் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். மன்மதனுக்கும் ரதிக்கும் கல்யாணம் நடந்து, சிவன் மன்மதனை எரித்து, ரதி அழுகிற கதை. அதில் ரதி வேஷம் கட்டுகிறவர் இவர். குழந்தையில்லாமல் இருந்த காலத்தில் இவரும் மனைவியும் நேர்ந்துகொண்டார்களாம், பிள்ளை பிறந்தால் பன்னிரண்டு வருஷம் ரதி கட்டுவதாக. மகள் பிறந்தாள். மன்மதன் வேஷம் கட்டுவது இவருடைய மனைவியின் தம்பி.

“மச்சான்தான் எனக்குப் புருஷன். பொண்டாட்டி எனக்கு நாத்தனாரு. எங்க வீட்டுல முறை சொல்லிக் கூப்பிட ஆள் வெக்கணும்” என்பார்.

வீட்டுக்குப் போகலாம் என்று டிக்கட் வெட்டிய அன்று காலை, கார்டைக் கையில் வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். முகம் வாடியிருந்தது.

“இந்தத் தேதி காப்புக் கட்டுனதுக்கு அப்புறமா வருதுங்க. காப்புக் கட்டுனா, கூத்து முடியுற வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. இது பன்னெண்டாவது வருஷம். இதோட நேர்த்தி முடியுது.” கொஞ்சம் நிறுத்திக் கேட்டார்: “ஏங்க பத்து, ஒங்களுக்கு எல்லாம் தெரியுமே. அன்னிக்கு வராட்டி என்னா ஆகும்?”

டொக்டரிடம் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். டொக்டர் இருபது அடி தூரத்தில்தான் நின்றார். ஆனால் ‘ஒங்களுக்கு எல்லாம் தெரியுமே’ என்று ஒருவர் சொல்லிவிட்டால் என் வாய் எனக்குச் சொந்தமில்லை.

பத்து நாளைக்கு முன்புதான் ஒரு சஞ்சிகையில் படித்திருந்தேன். ஆபரேஷன் செய்த இடத்தில் நகத்தளவு ஒரு மின்னணுத் தகட்டை உள்ளே வைத்துத் தைத்துவிடுவார்களாம். புண் ஆறுகிறதா, சூடு ஏறுகிறதா, உள்ளே கசிவு இருக்கிறதா என்று அது வெளியே டொக்டருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்குமாம். வேலை முடிந்ததும் தானாகக் கரைந்து உடம்போடு போய்விடுமாம். எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டாம். வாழ்நாள் முழுக்க சர்க்கிட் போர்டு சுரண்டுகிற எனக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது என்று அதன் கடைசி வரியில் போட்டிருந்தது. அந்த வரி மட்டும் என் மண்டையில் ஏறவில்லை.

“இப்பல்லாம் உள்ள வெக்கிறது எல்லாம் கரையிற சாமான்தாங்க” என்று ஆரம்பித்தேன். படத்தைக் காட்டினேன். “கரண்டு ஓடுற தகடே கரையுது. தையல் நூல் கரையலையா? இந்தப் பிளாஸ்டிக் குழாய் எம்மாத்திரம்?”

“அப்ப வராட்டிப் பரவாயில்லீங்களா?”

“பதறாம ரதி கட்டுங்க. எல்லாம் முடிஞ்சு ஆறுதலா வந்து காட்டுங்க.”

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. “அதானே! மன்மதனையே நாங்க ஒண்ணுமில்லாமச் சாம்பலாக்கிடுறோம். ஒரு பீலி கரையாதா?” என்று கார்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

வீட்டில் இதே பேச்சை என் மனைவியிடம் எடுத்தேன். “மொதல்ல ஒங்க வாய் கரையட்டும். டொக்டர் போட்ட தேதிக்குப் போறீங்க” என்று முடித்துவிட்டாள்.

அதனால் அந்தத் தேதிக்குப் போனேன். ஐந்து நிமிட வேலை. டொக்டரம்மா எடுத்த குழாயைக் காட்டினார். நீலநிறத்தில், இரண்டு முனையும் தூண்டில் மாதிரி வளைந்து, வைத்த அன்று இருந்தது போலவே இருந்தது. ஒரு துளி கரையவில்லை.

“இது கரையாதா டொக்டர்?” என்று சிங்களத்தில் கேட்டேன்.

அவர் சிரித்தார். கரைகிற சாமான்கள் ஒருநாள் நம் பக்கமும் வரலாம், இது வெறும் பிளாஸ்டிக் என்றார். உள்ளேயே விட்டால் உப்புப் படிந்து கல்லாகும், கிருமி சேரும், சிறுநீரகமே போய்விடவும் கூடும். இரண்டு மூன்று வாரம் பிந்தினால் சமாளிக்கலாம், ஆனால் காய்ச்சலும் நடுக்கமும் வந்துவிட்டால் ஒருநாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்றார். பிறகு பெயர்ப் பட்டியலைப் பார்த்து, உங்களோடு இருந்தவர் ஏன் வரவில்லை என்று என்னிடமே கேட்டார்.

ஆஸ்பத்திரியில் எழுதி வைத்திருந்த அவர் நம்பருக்கு அவர்களும் அடித்தார்கள், நானும் அடித்தேன். போன் அணைந்திருந்தது. வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. “விடிஞ்சதும் போங்க” என்றாள். அவ்வளவுதான்.

பசறை வழியாகப் போகிற முதல் பஸ். மடுல்சீமைக்கு மேலே பாதை என்று ஒன்று இருந்த அடையாளம்தான் உண்டு. ஆட்டோக்காரர் பாதி வழியில் கையெடுத்துக் கும்பிட்டு, என்னை ஒரு தேத்தண்ணிக் கடைப் பக்கம் இறக்கிவிட்டார். ஆஸ்பத்திரிப் பட்டியலில் அவர் பெயரைப் பார்த்துக்கொள்ளக்கூட மறந்திருந்தேன், லயத்து நம்பரும் தெரியாது.

“ரதி கட்டுறவரைப் பாக்கணும்” என்றேன்.

“எந்த ரதி? மேக்கணக்கு ரதியா, கீழ்க்கணக்கு ரதியா?” என்றார் கடைக்காரர். தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் ஒரு கணக்கு என்பார்கள்; கணக்குக்கு ஒரு கூத்து, கூத்துக்கு ஒரு ரதி.

“கல்லு ஆபரேஷன் செஞ்ச ரதி.”

“ஓ, கரையிற சாமான் வெச்சிக்கிட்டு வந்தாரே, அவரா?” பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்தார். “மேக்கணக்கு. ஏங்க, டவுனா? ஒண்ணு கேக்கணும். எனக்கும் இந்தக் கால்ல இரும்புத் தகடு வெச்சு ஏழு வருஷம் ஆச்சு. டவுன்ல ஒரு படிச்சவர் சொன்னாராம், எல்லாம் தானாக் கரைஞ்சிரும்னு. இது இந்நேரம் கரைஞ்சிருக்கும், இல்லீங்களா?”

என் பேச்சு எனக்கு முன்னால் பஸ் ஏறி, மலை ஏறி, இங்கே வந்து உட்கார்ந்திருந்தது. வாயைத் திறக்காமல் மேல் கணக்கைப் பார்த்து நடந்தேன்.

கூத்து நடக்கிற வெளியைக் காமன் பொட்டல் என்கிறார்கள். நட்ட கம்பத்துக்குப் பக்கத்தில், நல்ல வெயிலில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒருவர் மண்மேட்டில் சாய்ந்திருந்தார். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

“அட, பத்து!” என்றார். “ரதியைப் பாக்கவா இவ்வளவு தூரம்? இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருந்தா அழுகையையும் பாத்திருக்கலாமே.”

“என்னங்க இது, நடுக்கம்?”

“விரதத்துச் சோர்வுங்க.”

“விரதம் இருந்தா ஒடம்பு நெருப்பாக் கொதிக்குமா?” பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பகல் நிறையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெறும் கூடையோடு வந்த அவர் மனைவி. “மூணு நாளா மூத்திரம் செவப்பாப் போகுது. கேட்டா, கரையிறப்ப அப்படித்தான் இருக்கும்கிறாரு. நீங்க யாருண்ணே?”

அந்த ஒரு வாக்கியத்தை நான் கொப்பியில் எழுதவில்லை. தேவைப்படவில்லை.

“அதைச் சொன்னவன் நான்தான், தங்கச்சி” என்றேன். “தெரியாமச் சொல்லிட்டேன். அது கரையாது. நேத்து எனக்கு எடுத்தப்ப கண்ணால பாத்தேன். காய்ச்சல் வந்தா ஒருநாள் தாங்காதுன்னு டொக்டரம்மா சொல்லிட்டாங்க. கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்.”

அவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். “படிச்சவர்னு சொன்னாரே?”

“படிச்சவன் இல்லம்மா. பேசுறவன்.”

அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். கூத்தை நடத்துகிற மாஸ்டரும் வந்தார். கெட்ட மனிதரில்லை. கம்பளிக்குள் கைவைத்துப் பார்த்தவர் முகத்திலும் பயம் தெரிந்தது. ஆனாலும், “காப்போட எல்லையைத் தாண்டுனா தோட்டத்துக்கே ஆகாதே” என்று தலையைச் சொறிந்தார். அவரைவிடப் பிடிவாதம் பதினொண்ணுக்குத்தான். “ரெண்டே நாள். பன்னெண்டு வருஷத்துல ரெண்டு நாளைக்காக வுட்டுட்டா, அந்தப் பிள்ளை மொகத்துல எப்படி முழிக்கிறது?” என்றார். சொல்லி முடிக்குமுன் இன்னொரு நடுக்கம் வந்து வார்த்தையை முழுங்கியது.

அந்த அம்மா கூடையை இறக்கி வைத்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து காப்பின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

“என்னாடி பண்ற?”

“நேர்ந்துக்கிட்டது ரெண்டு பேரும்தானே? பெத்தது நான்தானே? மிச்சத்தை நான் கட்டுறேன்.”

“பொம்பள எப்படிம்மா ரதி கட்டுறது?” என்றார் மாஸ்டர்.

“ரதி பொம்பளதானேங்க? இத்தனை வருஷமா ஆம்பள கட்டுனதுதான் அதிசயம்.”

யாரோ சிரித்தார்கள். மாஸ்டருக்கும் சிரிப்பு வந்ததை மீசை மறைத்தது. பாட்டெல்லாம் தெரியுமா என்று கேட்டார். “கல்யாணம், ஊர்வலம் எல்லாம் முடிஞ்சிருச்சு. அழுகைதானே பாக்கி? எரியப்போறவன் என் தம்பி. அவனுக்கு அழ எனக்குச் சொல்லித் தரணுமா?” என்றாள். பிறகு, கணவரின் கையைப் பிடித்தபடியே, ரதியின் புலம்பலைப் பாடிக் காட்டினாள். பன்னிரண்டு வருஷமாக இவர் வீட்டில் பாடிப் பழக, ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டதெல்லாம் அவளுக்குள் இருந்திருக்கிறது. நாலு வரிதான். மாஸ்டர் அந்த மஞ்சள் நூலை வாங்கி, கம்பத்தைத் தொட்டுக் கும்பிட்டு, அவள் கையில் தானே கட்டிவிட்டார்.

“அவரை நல்லபடியாக் கொண்டுபோய்ச் சேத்துருங்கண்ணே” என்றாள் என்னிடம். காப்புக் கட்டியவள் எல்லையைத் தாண்ட முடியாதே. கணவரை, கெடுதல் சொன்ன வாயை நம்பியே அனுப்பி வைத்தாள். அந்தப் பாரம் பதுளை வரைக்கும் என் தோளில் இருந்தது.

தோட்டத்து லொறியில்தான் இறங்கினோம். தேத்தண்ணிக் கடையில் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லி அந்தப் பெரியவரைக் கூப்பிட்டேன். “ஐயா, ஒங்க தகடு கரையாது. ஒங்க காலைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. டொக்டரைத்தான் கேக்கணும்” என்றேன். தெரியாது என்று நான் அவ்வளவு சத்தமாகச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கிருமி சிறுநீரகத்தில் ஏறியிருந்தது. மருந்து ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கி, குழாயை எடுத்த பிறகுதான் எதுவும் சொல்லமுடியும் என்றார் டொக்டரம்மா. இரண்டு நாளும் கடையைத் திறக்கவில்லை. இந்த முறை அவருக்குக் கிடைத்தது நாலாம் நம்பர் கட்டில். நான் மட்டும் பதினொண்ணு என்றேதான் கூப்பிட்டேன்.

மூன்றாம் நாள் விடியற்காலை, வாட்டில் தேத்தண்ணி கொடுக்கிற நேரம். நான் கஞ்சிப் போத்தலோடு போய் உட்கார்ந்தேன். என் போன் அடித்தது. பேசியது அவருடைய மச்சான்.

“மன்மதன் பேசுறேங்க. என்னை எரிச்சு முடிச்சிட்டாங்க. செத்தவனுக்கு வேலையில்ல, அதான் சிக்னல் இருக்கிற பாறைகிட்ட போனைப் பிடிச்சிட்டு நிக்கிறேன். அத்தான் கேக்கட்டும்.”

போனை அவர் காதுக்கும் தலையணைக்கும் நடுவில் வைத்தேன். தூரத்தில் தப்பு மேளச் சத்தம். அதற்கு மேலே அந்த அம்மாவின் குரல். ரதி அழுதுகொண்டிருந்தாள். அது கூத்துக்கான அழுகை மட்டுமில்லை என்று எங்களுக்குத் தெரியும், அந்தப் பொட்டலில் நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கும். பதினொண்ணு கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்து, அடுத்த வரியை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார், அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும். ஓரிடத்தில் சட்டென்று கண்ணைத் திறந்தார். “ஒரு வரியை முழுங்கிட்டா. பரவாயில்ல” என்றார். கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்து போனில் விழுந்தது. நெற்றி வேர்த்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், காய்ச்சல் விட்டு உடம்பு குளிர்ந்திருந்தது.

மறுநாள் குழாயை எடுத்தார்கள். எனக்கு ஐந்து நிமிடத்தில் வந்தது, அவருக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல். நுனியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. சரியான நேரத்துக்கு வந்துவிட்டீர்கள், சிறுநீரகத்துக்குப் பழுதில்லை என்றார் டொக்டரம்மா.

சாயந்தரம் அந்த அம்மா மகளோடு வந்து சேர்ந்தாள். முந்தானையில் முடிந்து வந்த காமன் சாம்பலை அவர் நெற்றியில் பூசினாள். பிறகு என்ன நினைத்தாளோ, என் நெற்றியிலும் ஒரு கோடு இழுத்துவிட்டாள். “அண்ணே, வாயிலயும் கொஞ்சம் பூசவா?” என்றாள். அவள் என்னைத் திட்டியது அந்த ஒருமுறைதான்.

அவர்கள் தேத்தண்ணி வாங்கப் போன நேரத்தில், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொன்னேன்.

“நீங்க சொன்னதால மட்டும் இல்ல, பத்து. வர முடியாதுன்னு மனசுல முடிவு பண்ணிக்கிட்டுத்தான் ஒங்ககிட்டக் கேட்டேன். டொக்டரைக் கேட்டா என்னா சொல்வாருன்னு தெரியும். அதனாலதான் ஒங்களைக் கேட்டேன்.”

எத்தனையோ பேர் சொன்னதை எழுதி வைத்திருக்கிறேன். இதைப்போல ஒன்று இதுவரை என் கொப்பியில் விழவில்லை.

அந்தக் கரையும் தகடு உண்மையாகவே வரவேண்டும் என்று இப்போதும் ஆசைப்படுகிறேன். மலையிலிருந்து இரண்டாவது தடவை இறங்கி வருவது என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்குத்தான் அது முதலில் கிடைக்கவேண்டும். சஞ்சிகையில் அதைப்பற்றி ஏதாவது வந்தால் கடைசி வரியிலிருந்து படிக்கத் தொடங்குகிறேன். மாசி வந்தால் மேல் கணக்கிலிருந்து போன் வரும். நேர்த்தி முடிந்தும் ரதியை அந்த அம்மா விடவில்லை. “என்னைவிட நல்லா அழுறா, இனி எனக்கு அங்க வேலையில்ல” என்று இவர் அலுத்துக்கொள்வார்.

கடையில் யாராவது ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, தனக்கு வேண்டிய பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது, கார்டை நாலாக மடித்த அந்தக் கைதான் எனக்குத் தெரிகிறது. அப்போதெல்லாம், அவர்களுக்குப் பிடிக்காத அந்த ஒற்றைச் சொல்லை, ‘தெரியாது’ என்பதை, முடிந்தவரை அன்பாகச் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன்.